பாசிச் சுவரும் பம்பு மெஷினும்

கனடாவில் இருக்கும் மச்சான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பினான். ஸ்காபரோவில் அவன் குடியிருக்கும் வீட்டின் பக்கச் சுவர். செங்கல்லும் இல்லை, சீமெந்தும் இல்லை. பிவிசி பலகைகளை அழுங்கின் செதிள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறவிட்டுப் பொருத்திய சட்டை. வைனில் சைடிங் என்கிறார்கள். வெயில் படாத வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சை. மச்சான் பிரஷர் வோஷரைப் பிடித்து இழுக்க இழுக்க, பச்சை உரிந்து வெள்ளை வெளியே வருகிறது. பார்க்கவே மனதுக்குச் சுகமாக இருந்தது. கீழே ஒரு வரி: "நம்ம பின் செவுத்துக்கும் இதுதான்டா மருந்து."

அந்த வீடியோ இலங்கை மலையகத்தில், எங்கள் நானுஓயாவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வட்ஸ்அப்பில் போனது. அந்தத் தீபாவளிக்கு முன்னால், வாகனம் கழுவுகிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு பையன்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் பின்சுவரும் கழுவப்பட்டது. பாசி போனது. கூடவே இரண்டு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் போனது. தை பிறக்கும்போது பச்சை திரும்பி வந்திருந்தது, பூச்சு வரவில்லை.

அன்றிலிருந்து இந்தச் சுவரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெஷின், வினாகிரி, பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, கடையில் விற்கும் பாசி பிடிக்காத பெயின்ட் என்று ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். எல்லாமே கழுவிய அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே கழுவிய அன்றைய அழகை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு சுவர் எப்படி நிற்கிறது, கழுவியவரின் கையும் மூச்சும் என்ன ஆயின, கழுவிய தண்ணீர் எங்கே போனது, எத்தனை நாள் சம்பளம் கரைந்தது என்று பார்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

முதலில் சுவரில் இருப்பது என்ன? அழுக்கு என்று நினைத்துத்தான் நாம் எல்லாரும் பிரஷைத் தூக்குகிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் பின்சுவரில் மட்டும் நாலு தினுசு. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறிப்பு. இது ஒன்றுதான் உண்மையில் அழுக்கு. அதற்கு மேலே வழுவழுப்பான பச்சை, பாசி. யன்னல் கட்டைக்குக் கீழே, தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்புக் கோடுகள். இது நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சணமும் கலந்தது. மூலையில் துருப் பிடித்தது போலச் செம்மஞ்சளாக ஒரு திட்டு. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊறுகிறது என்று மேசன் ஒருவர் பயங்காட்டிவிட்டுப் போனார். அந்தச் சுவரில் கம்பியே கிடையாது. அதுவும் ஒரு பாசிதான். திரெண்டெபோலியா என்று பெயர். இனத்தில் பச்சைப் பாசிதான், ஆனால் கரட்டுக்கு நிறம் தருகிற அதே வகைச் சாயத்தை உடம்பில் சேர்த்து வைப்பதால் சிவந்து தெரியும். ஈரமான வெப்பமண்டல நாடுகளில் சுவருக்குச் சுவர் காணலாம். விரல் நகத்தால் சுரண்டினால் வெல்வெட் துணி மாதிரி வரும். துரு அப்படி வராது.

ஆக, சுவரில் இருப்பது உயிர். உயிருக்கு வேண்டியது வெளிச்சம், ஈரம், ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான ஓர் இடம். மூன்றையும் நானுஓயா தாராளமாகக் கொடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றர் உயரம். வைகாசியில் தென்மேற்குப் பருவம் பிடித்தால் புரட்டாசி வரை மூடுபனியும் தூறலும். ஐப்பசியில் இடியோடு அடுத்த மழை. பக்கத்து நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். வவுனியாவில் ஒரு மணி நேரத்தில் காயும் சுவர் இங்கே ஒரு வாரம் ஊறி நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மருந்துகளை எடுக்க வேண்டும்.

மெஷினிலிருந்து தொடங்குவோம். வீட்டுப் பாவனைக்கு விற்கிற சின்ன பிரஷர் வோஷரே 100 பாருக்கு மேல் அழுத்தம் தரும். த்ரீவீலர் டயரில் இருப்பது 2 பார் சுற்று. இந்த வேகத்தில் அடிக்கிற தண்ணீர் பாசியைக் கொல்வதில்லை, பிய்த்து எறிகிறது. வேர் போன்ற நுண்ணிய இழைகள் பூச்சின் துளைகளுக்குள் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் ஏறிவிடுவது. பழைய லயங்களின் சுவர் பெரும்பாலும் கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கி மேலே சுண்ணாம்பு பூசியது. அதை 100 பாரில் அடிப்பது சுவரை உள்ளிருந்து கரைப்பதுதான். பிறகு வந்த சீமெந்துக் கல் வீடுகளிலும் பூச்சு பல இடங்களில் மணல் கூடிய பூச்சு. மேல்தோல் உரிந்து சொரசொரப்பாகிறது. சொரசொரப்பும் ஈரமும் பாசி கேட்டு வாங்காத சீர்வரிசை. லயத்துச் சுவர்களில் வெளியே ஓடும் மின்கம்பிகளை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

மச்சானின் சுவருக்காவது இது சரியா? அங்கேயும் முழுச் சரி இல்லை. வைனில் பலகை செய்கிறவர்களின் சங்கமே முதலில் சொல்வது மென்மையான துணி அல்லது பிரஷ். பூஞ்சணத்துக்கு 70 பங்கு தண்ணீரில் 30 பங்கு வெள்ளை வினாகிரி. மெஷின் பிடிப்பதானால் கண் மட்டத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும், கீழிருந்து மேல்நோக்கி அடிக்கக் கூடாது. அடித்தால் செதிளுக்குள் தண்ணீர் புகுந்து பின்னால் இருக்கும் பலகை ஊறும். மச்சானின் வீடியோவை இன்னொரு தரம் பாருங்கள்: பாதி நேரம் மேல்நோக்கித்தான் அடிக்கிறான். ஆனால் அந்தச் சங்கத்தின் கைநூலில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது, எந்தச் சுவருக்கும் பொருந்தும். கீழிருந்து மேலாகத் தேய்த்துப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு போடும். கோடு பிறகு போகாது. எங்கள் அம்மாயி இதைக் கைநூல் இல்லாமலே செய்தார். அவர் காரணம் வேறு: கை எட்டுகிற இடத்தை முதலில் முடித்துவிட்டால், வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்கு மணி அடித்தாலும் பாதிச் சுவராவது சுத்தமாக நிற்கும்.

மெஷினுக்கு ஓர் இடத்தில் மட்டும் விடுதலை கொடுக்கிறேன். லயத்துக்கு ஏறுகிற கொங்கிறீற் படிக்கட்டு. வயதானவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். அடித்துக் கழுவுங்கள்.

வினாகிரியை நீண்ட நேரம் விசாரிக்க வேண்டியதில்லை. பிவிசி அமிலத்துக்கு அசையாது, அதனால் அங்கே அது மருந்து. சுண்ணாம்பு பூசிய சுவரில் வினாகிரியை ஊற்றினால் சோடாப் போத்தல் திறந்தது போல நுரைக்கும். நுரைப்பது பாசி இல்லை, உங்கள் சுவர்.

பிளீச்சிங் பவுடருக்கு வருவோம். நம் ஊரில் டீசிஎல் என்று சொல்லி, ஊற்றிலும் தண்ணித் தாங்கியிலும் போடுவார்களே, அது. சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றினால் கிடைக்கும் தூள். 1799இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் சார்ள்ஸ் டெனன்ட் காப்புரிமை பெற்றார். எடின்பரோ, கிளாசோ என்று தோட்டங்களுக்குப் பெயர் கொடுத்த அதே நாடு. புதுத் தூளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் பலம் இருக்கும். பத்து லீற்றர் வாளிக்கு 150 கிராம் போட்டால் அரை வீதக் கரைசல். சுவருக்கு அது போதும். கரைத்தவுடன் அடிக்கக் கூடாது. அரை மணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளைக் கசடு தங்கும், அது மிச்சச் சுண்ணாம்பு. மேலே தெளிந்த தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். காற்று இல்லாத, மந்தாரமான காலையில் கீழிருந்து மேலாகப் பிரஷால் தடவி, கால்மணி நேரம் விட்டு, தேய்த்து, வாளித் தண்ணீரால் அலசினால் கறுப்புக் கோடு கண்ணெதிரே வெளுக்கும். இது பிய்த்து எறிவதில்லை, கொல்கிறது. மெஷினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

குற்றம் இதன் மேலும் உண்டு. கையுறை இல்லாமல் தொட்டால் விரல் நுனி வெந்துபோகும். கொழுந்து எடுக்கிற விரலுக்கு அது ஒரு வார வேதனை. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு தவறிக்கூடக் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். "ரெண்டையும் சேத்தா பவர் கூட" என்று சொல்லி விற்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். சுவரடியில் லீக்ஸோ கோவாவோ நட்டிருந்தால் முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். அலசிய தண்ணீர் கானில் விழுந்து நானு ஓயாவுக்கும், அதிலிருந்து கொத்மலை ஓயாவுக்கும் போகிறது. ஒரு வீட்டின் ஒரு வாளியால் ஆறு கெடாது. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டமே வாளி எடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. இன்னொன்று: பிளீச்சிங் கொன்றுவிட்டுப் போய்விடும், காவல் இருக்காது. சுவர் ஈரமாகவே இருந்தால் காற்றில் வருகிற அடுத்த வித்து குடியேறிவிடும்.

காவல் இருப்பது சுண்ணாம்பு. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டு, கொதித்து அடங்கி, இரண்டு நாள் ஊறிய பாலின் காரத்தன்மை pH அளவில் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் பாசிக்குப் பிழைப்பில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகத் திரும்பும் வரை அந்தக் காவல் நீடிக்கும். அதைவிடப் பெரிய குணம், சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியே வரலாம்.

ஆனால் நம்மூரில் சுண்ணாம்பைக் கெடுத்ததே நாம் சேர்க்கிற பக்குவம்தான். கஞ்சி ஊற்றினால் ஒட்டும், உடுப்பில் வராது என்பார்கள். வெயில் சுடுகிற சமவெளியில் அது நல்ல யோசனை. நானுஓயாவில் கஞ்சி என்பது பூஞ்சணத்துக்குப் போடுகிற சாப்பாடு. உப்புச் சேர்ப்பதும் அப்படித்தான். ஈரச் சுவரில் அது காற்றின் ஈரத்தையும் இழுத்துப் பிடித்துப் பூத்துக் கொட்டும். இன்னொரு தவறையும் பார்த்திருக்கிறேன். கவாத்து வெட்டிய மலைக்குப் போட ஸ்டோரில் அடுக்கி வைத்திருக்கும் டொலமைட் தூளைக் கரைத்துச் சுவருக்கு அடிப்பது. பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். அது சுடாத கல்லின் தூள். மண்ணின் புளிப்பைக் குறைக்கும், சுவரில் பிடிக்கவும் பிடிக்காது, பாசியைக் கொல்கிற காரமும் அதில் இல்லை.

சுண்ணாம்பின் மெய்யான பலவீனம் வேறு. வருஷா வருஷம் அடிக்க வேண்டும். முதுகு உரசினால் கறுப்புச் சட்டையில் முகவரி எழுதும். தண்ணீர் தெறிக்கிற அடிச்சுவரில் ஒரு பருவம்கூடத் தாங்காது. புதுச் சீமெந்துப் பூச்சின் மேலும், ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவரின் மேலும் ஒழுங்காகப் பிடிக்காது. அதாவது பாதி வீடுகளுக்கு இந்த வாசல் ஏற்கெனவே சாத்தப்பட்டாயிற்று.

சாத்தியது பெயின்ட். அதைத் தூக்கி எறிந்து பேசுவது சுலபம், நியாயம் இல்லை. வெளிச்சுவருக்கென்று செய்த பெயின்டில் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருக்கிறது. காய்ந்த, உறுதியான பூச்சின் மேல் அடித்தால் சில வருஷம் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா ரோஸ் நிறம், அடுத்தது பச்சை, தொங்கல் வீடு நீலம் என்று நிற்பதை ரயிலில் போகிறவர்கள் படம் எடுத்துப் போகிறார்கள். உறுதிப் பத்திரம் இல்லாத ஒரு குடும்பம், இந்தப் பத்தடி எங்களுடையது என்று சொல்ல வேறு எந்த வழியும் இல்லாமல் நிறத்தால் சொல்கிறது. துரைமார் காலத்தில் ஒரே வெள்ளையாக, மாட்டுக் கொட்டில் மாதிரி வரிசையாக நின்றதற்கு அது பதில். சுண்ணாம்பு நல்லது என்று மட்டும் சொல்லி இதை வெல்ல முடியாது.

ஆனாலும் கணக்குப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை தோட்டத் தொழிலாளருக்கு வைத்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் நாலு லீற்றர் வெளிச்சுவர்ப் பெயின்ட் ஒன்றுக்குப் பல நாள் மலையேற வேண்டும். பெரும்பாலும் அது தீபாவளி எட்வான்ஸில் வாங்கப்பட்டு, மாதாமாதம் சம்பளத்தில் கழியும். அந்தப் பெயின்ட் எப்போது அடிக்கப்படுகிறது? ஐப்பசியில். மழை விட்ட இரண்டு மணி நேரத்தில், ஊறிய சுவரின் மேல். பெயின்ட் ஒரு மெழுகுத் துணி போல ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டுகிறது. மார்கழியில் கொப்புளம். ஊசியால் குத்தினால் தண்ணீர் வரும், குத்திப் பார்த்திருக்கிறேன். கொப்புளம் உடைந்த விளிம்பில் பாசி. கடன் கழிந்து முடியும் முன்னால் பெயின்ட் கழன்றுவிடுகிறது.

நிறம் வேண்டும் என்பதற்குச் சுண்ணாம்பே தடை இல்லை. காவிக்கல், மஞ்சள் மண் போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பில் கலந்து நிற்கும். ரோஸும் மஞ்சளும் வரும். பெயின்ட் கடையின் பளிச்சென்ற நீலம் வராது. அந்த நட்டத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சுவரோடு நின்றுவிட்டால் இந்தக் கட்டுரை இலேசாக முடிந்திருக்கும். ஆனால் மெஷின் பிடித்த கை சுவரோடு நிற்பதில்லை, அண்ணாந்து பார்க்கிறது. மேலே அஸ்பெஸ்டஸ் சீட்டு. அதிலும் கறுப்பும் பச்சையும்.

1885இல் ரயில் நானுஓயா வரை வந்தது. அந்தப் பாதையில் ஏறி வந்த நாகத் தகரம்தான் லயங்களின் பழைய கூரை. மழையில் பேச்சுக் கேட்காது, பனியில் விறைக்கும், ஆனால் பாசி அதிகம் ஏறாது. காரணம் எங்கள் கூரையிலேயே தெரிகிறது. முகட்டில் ஓட்டை விழுந்த இடத்தில் அப்பா ஒரு துண்டுத் தகரம் செருகியிருக்கிறார். அந்தத் துண்டின் அகலத்துக்குச் சரியாக, கூரையின் கீழ் விளிம்பு வரை, சீட்டு சாம்பல் நிறமாக வெறிச்சென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்பு. தகரத்தின் துத்தநாகப் பூச்சு மழையில் துளித்துளியாகக் கரைந்து வழிகிறது. பாசிக்கு அது நஞ்சு.

தகரத்தின் இடத்துக்கு வந்த அஸ்பெஸ்டஸ் வேறு சங்கதி. சீமெந்தில் வெள்ளை அஸ்பெஸ்டஸ் நாரைக் கலந்து அழுத்திய தகடு அது. பல வருஷ மழையில் மேல்தோல் சீமெந்து அரித்து, நார் தலைகாட்டி நிற்கும். அதன் மேல் 100 பாரில் தண்ணீர் அடித்தால் பாசியோடு நாரும் பிய்ந்து வாசலில், துணிக் கொடியில், இஸ்தோப்பில் படியும். ஈரமாக இருக்கும் வரை ஒன்றுமில்லை. காய்ந்து, கூட்டும்போது பறக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவற்றின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. நெஞ்சுறைப் புற்று தெரிய வர இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்டஸ் மேல் உயர் அழுத்தத் தண்ணீர் அடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. இங்கே அதை ஞாயிற்றுக்கிழமை வேலையாகச் செய்கிறோம், பிள்ளைகள் கீழே நின்று வேடிக்கை பார்க்க.

இந்தச் சீட்டு ஏன் இன்னும் மேலே இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. இலங்கை நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே தடை செய்தது. வெள்ளையையும் 2018 முதல் கட்டுப்படுத்தி 2024க்குள் நிறுத்துவதாக அரசு சொன்னது. 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்தது என்று காரணம் காட்டி, இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா உலகின் பெரிய அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியாளர்; வண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொழும்பில் எல்லாரும் பேசினார்கள். சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தளர்ந்தது, தேயிலை மறுபடி கப்பலேறியது. 2024 கெடுவும் நழுவிப் போனது. தலையில் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவளின் கூரை எதுவென்பதை அவள் எடுத்த கொழுந்தே விலை பேசியது.

ஆகவே கூரைக்கு என் தீர்ப்பு: தொடாதீர்கள். கறுத்த சீட்டு ஒழுகுவதில்லை. அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏறி நடந்தால் உடையும். முகட்டில் தகரப் பட்டை வைக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. வைக்க ஆணி வேண்டும், ஆணிக்கு ஓட்டை வேண்டும், ஓட்டை போட்டால் நார் பறக்கும். வேண்டாம்.

இனி சுவருக்குத் திரும்பி, நான் செய்த சின்னப் பரீட்சையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவர், ஒரு மழைக்காலம். அதற்கு மேல் அதற்குப் பெருமை இல்லை. பின்சுவர் முப்பதடி. தாழ்வாரம் குட்டை, சீட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவரடியிலேயே விழுந்து தெறிக்கும். ஒரு பக்கம் பதினைந்தடிக்கு மட்டும் பீலி வைத்தேன், கையில் இருந்த காசுக்கு அவ்வளவுதான். பீலி உள்ள பாதியிலும் இல்லாத பாதியிலும் சோக்கட்டியால் கோடு போட்டு, ஒரு பட்டைக்கு வெறும் பிரஷும் தண்ணீரும், ஒரு பட்டைக்கு சவர்க்காரத் தூள், ஒரு பட்டைக்கு பிளீச்சிங், ஒரு பட்டைக்கு பிளீச்சிங் போட்டுக் காய்ந்த பின் மூன்று கை சுண்ணாம்பு. மாசி மாதம், நிலம் காய்ந்து, காலையில் உறைபனி விழுந்து, மத்தியானம் வெயில் எரிக்கிற நாட்கள். தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுகிற நேரம். எங்கள் ஊரில் சுவர் காய்கிற ஒரே காலம் அதுதான். வெள்ளையடிப்பைத் தீபாவளியிலிருந்து பிரித்து மாசிக்கு நகர்த்தினாலே பாதி மருந்து மிச்சம் என்பது என் எண்ணம்; அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளையடிக்காம தீவாளி என்னடா தீவாளி?" என்றார்.

ஆவணி முடிவில் பார்த்தேன். பீலி இல்லாத பக்கம்: வெறும் பிரஷ் பட்டை முழுப் பச்சை. சவர்க்காரத் தூளும் அதேதான், வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பிளீச்சிங் பட்டையில் கீழே இரண்டடி பச்சை, மேலே வெளுப்பு. சுண்ணாம்புப் பட்டை இடுப்புக்கு மேலே வெள்ளை; கீழே தெறித்துக் கரைந்து செம்மண் தெரிந்தது. பீலி உள்ள பக்கம்: சுண்ணாம்பு அப்படியே. பிளீச்சிங் பட்டையில் யன்னல் கட்டைக்குக் கீழே ஒரு கோடு மட்டும். நான் எதிர்பார்க்காதது வெறும் பிரஷ் பட்டை. கறை பழையபடி மங்கலாக இருந்தது, புதுப் பச்சை மட்டும் ஏறவில்லை. பீலி இல்லாத பக்கத்து பிளீச்சிங்கைவிட, பீலிக்குக் கீழே இருந்த வெறும் தண்ணீர் நன்றாக நின்றது.

இத்தனை மருந்தையும் நிறுத்துப் பார்த்த பின் தராசில் மருந்தல்லாத ஒன்று கனத்தது. பாசி ஏறிய இடமெல்லாம் தண்ணீர் போன வழி: குட்டைத் தாழ்வாரம், அடைத்த கான், பின்னால் வெட்டி விட்ட மண்மேட்டிலிருந்து ஊறுகிற நீர். இவை எதுவும் பிரஷ் பிடிக்கிறவரின் குற்றம் இல்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயத்தையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. கை மாற மாற, கானும் பீலியும் எவர் கணக்கு என்பது மங்கிப்போனது. குடியிருப்பவர் தன் காசில் பீலி போட்டால் அது தனக்குச் சொந்தமில்லாத கூரையில் தொங்கும். பெயின்ட் அடிப்பவர்கள் ஏன் பீலி போடுவதில்லை என்பதற்கு இது பாதிப் பதில். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி இந்திய வீட்டுத் திட்ட வீடுகள் வந்த இடங்களில் இந்தச் சாக்குக் குறைகிறது. அங்கேயும் சரிவை வெட்டித்தான் அடித்தளம் போட்டிருக்கிறார்கள். பின்சுவரின் கதை மாறவில்லை.

எனவே என் தீர்ப்பின் வரிசை இது. முதலில் பீலி, பிறகு கான், பிறகு மாசி வெயிலில் பிளீச்சிங், அது காய்ந்த பின் கஞ்சி சேர்க்காத சுண்ணாம்பு. ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவரென்றால் பிளீச்சிங்கோடு நிறுத்தி, முழுக்கக் காய்ந்த பின்தான் அடுத்த பெயின்ட். மெஷின் படிக்கட்டுக்கு மட்டும்.

கடையில் விற்கும் பீலி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒன்றை நீளவாக்கில் ஹெக்சோ பிளேடால் இரண்டாகப் பிளந்து, ஓரத்தை அரம் போட்டு, கைமரத்தில் கம்பியால் கட்டி, வாட்டம் விட்டுத் தொங்கவிட்டேன். தண்ணீர் கடைசியில் ஒரு பழைய பெரலில் விழுகிறது. ஆவணியில் சுவரைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். பீலிக்குக் கீழே வெளுத்துக் கிடந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, என்ன மெஷின் பிடித்தாய் என்று கேட்டான். மெஷின் இல்லை, உன் சுவரில் இருக்கிற அதே பிவிசிதான் என்று சொல்லிப் பீலியின் படத்தையும் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "டேய், இது கக்கூஸ் பைப்புடா."